சுவரில் ஒட்டிய கப்பல்

மிதவைச் சட்டையின் வாரை பெனெதெத்தா இழுத்த இழுப்பில் லிந்திதாவுக்கு மூச்சு முட்டியது. தலையில் இலைக் கிரீடம், மூக்கில் சிவப்புச் சாயம், கால்களில் தவளை மாதிரி ரப்பர் துடுப்பு. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் பேராசிரியர்கள் வரிசையாக எழுந்து நின்று அவளை மருந்தியல் பட்டதாரி என்று அறிவித்து, அந்த நாட்டு வழக்கப்படி டாக்டர் என்று அழைத்துக் கைகுலுக்கியிருந்தார்கள். இத்தாலியின் பதுவாவில் அந்த மரியாதைக்கு ஆயுசு அவ்வளவுதான். வாசலைத் தாண்டியதும் நண்பர்கள் பட்டதாரியைக் கோமாளியாக்கி, தாங்கள் எழுதிச் சுவரில் ஒட்டிய பப்பீரோவை உரக்கப் படிக்கவைப்பார்கள். ஆளுயரக் காகிதம். நடுவில் கேலிப்படம், சுற்றிலும் பிறந்ததிலிருந்து அன்றுவரை அந்த ஆள் பட்ட மானக்கேடு அத்தனையும் எதுகை போட்டு. தடுமாறினால் ஒரு மடக்கு ஒயின், நிறுத்தினால் இரண்டு.

மற்றவர்கள் பப்பீரோவுக்குப் பயப்படுவார்கள். தனக்கு யாரும் எழுதாமல் போய்விடுவார்களோ என்பதுதான் லிந்திதாவின் பயம். போன மார்ச்சில், தன்னைப் போலவே வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த மால்தோவாக்காரி ஒருத்தி பட்டம் வாங்கினாள். யாரும் எழுதவில்லை. தானே காசு கொடுத்து வாங்கிய கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மாவோடு மூலைக்கடையில் பீட்சா தின்றாள். இந்த ஊரில் வீடு கிடைத்துவிடும், பகுதிநேர வேலை கிடைத்துவிடும், சிரித்த முகமாக நாலு பேர் கிடைத்துவிடுவார்கள். கேலி செய்ய மட்டும் தங்களில் ஒருத்தியாக நினைப்பவர்களைத்தான் தேடுவார்கள். அதனால்தான் சென்ற வாரம் ஒரே வீட்டில் குடியிருக்கும் பெனெதெத்தாவின் விரலில் வண்ணக்கறையைப் பார்த்ததும், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். பெனெதெத்தா நான்கு வருடத் தோழி. குடித்துவிட்டு வாந்தி எடுத்த ராத்திரிகளில் அவள் தலையைப் பிடித்தவள் லிந்திதா.

முன்வரிசையில் அப்பா பத்மிர், யாருடைய கல்யாணத்துக்கோ தைத்த பழுப்புக் கோட்டில், கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். கடலுக்கு அக்கரையில், தங்கள் நாட்டின் துர்ரஸ் துறைமுகத்தில் முப்பது வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவர். அங்கிருந்து இத்தாலியின் பாரிக்குத் தினமும் கப்பல் உண்டு, ஊரே அதில்தான் போய் வரும். இவர் மட்டும் கடல் ஒத்துக்காது என்று சொல்லி, மூன்று நாட்டைச் சுற்றிக்கொண்டு ஒன்றரை நாள் பேருந்தில் வந்து இறங்கினார். "கப்பல்ல சாமான் ஏத்துற மனுஷன் கப்பல்ல ஏறப் பயப்படுறாரு" என்று மகள் பேருந்து நிலையத்திலேயே கிண்டலடித்தாள். அவரும் சிரித்தார். இத்தாலி மொழி அவருக்குத் தண்ணி பட்ட பாடு. அவர் தலைமுறையில் எல்லோருமே சின்ன வயதில் அங்கே தடைசெய்யப்பட்டிருந்த இத்தாலி டிவியை ஒளிந்திருந்து பார்த்துப் பேசக் கற்றவர்கள்.

லிந்திதா தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். பெரியம்மா வீட்டு மெத்தையை நனைத்தது வந்தது. கூட்டம் ஓவென்றது. காபிப் பாத்திரத்தைக் கருக்கியது, மாடிவீட்டுக்காரனிடம் காதல் சொல்லப்போய் அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தது. அவள் கையை ஆட்டி, இடுப்பை ஆட்டிப் படித்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் இந்த ஊரில் ஒருநாளும் இருந்ததில்லை. அடுத்த பத்திக்குப் போனாள். வாய் முன்னால் போக, புத்தி பின்னால் வந்தது.

தொண்ணூற்றொன்றில் அப்பன் வந்தான் ஓசிக் கப்பல் ஏறி,
பாரிக் கரையில் வந்து நின்றான் வேர்வையிலே நாறி!
மைதானத்தில் அடைத்து வைத்து ரொட்டி விட்டெறிந்தோம்,
ஆட்டம் பார்க்கச் சீட்டு இல்லை, பார்சல் கட்டித் திருப்பினோம்!

இரண்டாவது வரியில் அவள் குரல் தேய்ந்தது. நான்காவது வரியில் நின்றே போனது. அப்போதுதான் படத்தைச் சரியாகப் பார்த்தாள். நடுவில் இருந்தது அவள் முகம் மட்டுமில்லை. அவள் தலைக்குப் பின்னால் ஒரு கப்பல், எறும்பு மொய்த்த மாதிரி ஆட்கள், கயிற்றில் தொங்கும் மீசைக்காரன் ஒருவன். போட்டிருக்கும் மிதவைச் சட்டைக்கும் அர்த்தம் விளங்கியது. அந்த வருடம் பிழைக்க வழியில்லாமல் அவள் நாட்டார் ஆயிரக்கணக்கில் ஏறிப்போய்த் திருப்பி அனுப்பப்பட்ட கப்பல் அது; அதில் அப்பாவும் இருந்தது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

"நின்னுட்டா! ரெண்டு மடக்கு! குடி, குடி!"

குடித்தாள். அப்பாவைப் பார்த்தாள். முந்தின பத்திக்குச் சிரித்த சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கைபேசியையும் இறக்கவில்லை.

"படிம்மா," என்றார் தங்கள் மொழியில். "எல்லாரும் நிக்கிறாங்கல்ல."

அவள் நிறுத்தியிருக்கலாம். காகிதத்தைக் கிழித்து எறிந்திருக்கலாம். மால்தோவாக்காரியின் பீட்சாதான் கண்முன் வந்தது. சீ என்று இருந்தது அவளுக்கு, தன்னைப் பற்றித்தான். மீதியையும் படித்தாள். உரக்க, கையை ஆட்டி, பார்சல் என்கிற இடத்தில் பார்சல் கட்டுவதுபோல் நடித்தும் காட்டினாள். அன்றைக்குப் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

முடிந்ததும் பெனெதெத்தா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "எப்படிடி இருந்துச்சு? உங்கப்பாவுக்கு நான்தான் போன் போட்டேன். சின்ன வயசுக் கதை கேக்கத்தான் போட்டேன், மனுஷன் இதையும் சொன்னாரு. நான் அழுதே போயிட்டேன், தெரியுமா?"

"அழுதியா?"

"சத்தியமா! அதனாலதான் விட மனசே வரல. இருக்கறதுலயே நல்ல வரி அதுதான்." பெனெதெத்தா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏய், கோவமா? எவ்ளோ குத்துறோமோ அவ்ளோ பிரியம்டி. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நல்லாருந்துச்சு," என்றாள் லிந்திதா. நன்றியும் சொன்னாள்.

கூட்டம் எதிர்க்கடைக்கு நகர்ந்தது. அப்பா மட்டும் சுவரை விட்டு வரவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தில் முகம் இடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். ரப்பர் துடுப்பு தட்டத் தட்ட அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"எங்கிட்ட ஏம்ப்பா சொன்னதே இல்ல?"

"நீ கேக்கலியேம்மா." குற்றம் சொல்கிற குரலில்லை அது. "அந்தப் பொண்ணு கேட்டா. இதுக்கு முன்னாடி இத்தாலிக்கு வந்திருக்கீங்களான்னு. முப்பத்துச் சொச்சம் வருஷத்துல இந்த நாட்டு ஆளு ஒருத்தர் கேட்டது அன்னைக்குத்தான். சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்."

"இப்படி எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியாதுப்பா..."

"கப்பல நல்லாத்தான் வரைஞ்சிருக்கா," என்றார். கயிற்றில் தொங்கும் மீசைக்காரனின் மேல் விரலை வைத்தார். "இது மட்டும் தப்பு. எனக்குச் சட்டை போட்டு விட்டுருக்கா. எங்க இருந்துச்சு சட்டை? வெயில் தாங்காம ஒரு குழந்தை கத்திக்கிட்டே இருந்துச்சு. கழட்டி அது தலையில போட்டுட்டேன். வெறும் உடம்போடதான் எறங்கினேன், வெறும் உடம்போடதான் திரும்பினேன்." பிறகு, "இத நாம எடுத்துக்கலாமில்ல?" என்று கேட்டார்.

"எதுக்குப்பா?"

"உன்னோடதுதானே. அம்மாகிட்ட காட்ட வேண்டாமா?"

எதிர்க்கடையிலிருந்து மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. "டாக்டரம்மா! எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று பெனெதெத்தா கத்தினாள். கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"இதோ வர்றேன்!" என்றாள் லிந்திதா. அவளுடைய இரண்டு கையிலும் காகிதத்தின் மேல் விளிம்பு இருந்தது. மிதவைச் சட்டை கழுத்தை இடித்ததில் குனிய முடியவில்லை. கீழே அப்பா கல்தரையில் முட்டி போட்டு, கப்பல் கிழிந்துவிடாமல், கடைசி டேப்பை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டிருந்தார்.