ரோசலீயின் எட்டாவது பிறந்தநாள்

1.

இந்தக் கதை ஹில்லி எனக்குச் சொன்னது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், பின்னால் மாட்டிக்கொள்ள வேண்டாம். க்ரோனிங்கன் பக்கம், கால்வாயை ஒட்டிய எங்கள் ஊரில், இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவு கொடுக்கும் உணவு வங்கியில் வியாழக்கிழமைதோறும் நானும் அவளும் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் கட்டுகளில் அழுகலை நறுக்கி எறிவோம். அப்படி நறுக்கும்போதுதான் சொன்னாள்.

"எழுதுறதுன்னா எழுதிக்கோ. பேரை மட்டும் மாத்திடு. அப்புறம் என்னைக் கொஞ்சம் ஒல்லியாக் காட்டு."

பேரை மாற்றிவிட்டேன். இரண்டாவதுக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

2.

முதல் வரியை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

'மழை பெய்துகொண்டிருந்தது.' (இந்த ஊரில் இதெல்லாம் ஒரு செய்தியா?)

'மேகக் கணிமை என்பது உணவுப் பங்கீட்டில் ஒரு' (சே, கட்டுரைப் போட்டியா நடக்கிறது?)

'பின்கதவை யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள்.' இது இருக்கட்டும்.

உணவு வங்கியின் பின்கதவைத் தட்டியவள் அன்னஹீன். கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள், இடுப்பெலும்பு போனதும் வேலையும் போய்விட்டது. வீட்டில் மேரிட் என்று பதினைந்து வயதில் ஒரு மகள். அம்மா இங்கே உணவு வாங்குவது மகளுக்குத் தெரியாது. ஹில்லி கொடுப்பதை அன்னஹீன் கடைப்பையில் மாற்றிப் போட்டு, இப்போதுதான் வாங்கிய மாதிரி வீட்டுக்குள் நுழைவாள்.

3.

மேலே பாதியில் விட்ட கட்டுரையை இங்கே முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. முன்பெல்லாம் எங்களுக்கு வந்தது வந்ததுதான். ஒரு வாரம் நாற்பது பெட்டி முட்டைக்கோசு, அடுத்த வாரம் ஒன்றுமில்லை. பக்கத்து ஊரில் தயிர் கெட்டுக் குப்பைக்குப் போகும், இங்கே தயிர் கேட்டு ஜனம் நிற்கும். இப்போது கடைக்காரரும் விவசாயியும் காலையில் மிச்சச் சரக்கின் கணக்கை இணையத்தில், அந்த மேகக் கணிமையில், அதாவது கிளவுடில் ஏற்றுகிறார்கள். எந்த ஊரில் எத்தனை குடும்பம், எத்தனை வாய் என்று அதற்குத் தெரியும், பிரித்து அனுப்பிவிடுகிறது. ஒரு கோசு வீணாவதில்லை. எனக்கு அதன்மேல் நிஜமாகவே பாசம் உண்டு.*

ஆனால் அதில் பேர் பதியாதவருக்கு வாராந்திரக் கூடை இல்லை.

"என் பேரு வேணா போட்டுக்கோ ஹில்லி. அவ பேரு வேண்டாம்," என்றாள் அன்னஹீன். "பெரிய பிள்ளைங்களுக்குப் பிறந்தநாள் பெட்டி அனுப்புவீங்களே! அவ பேர்ல வீட்டுக்கு வந்து நின்னா நான் எங்க மூஞ்சிய வச்சுக்கிறது?"

"பொண்ணு இல்லைன்னா கூடை பாதிதான்டீ வரும்."

ஹில்லி கொஞ்சம் யோசித்தாள். பிறகு அன்னஹீனுக்கு மகளாக ரோசலீ என்று ஒரு ஏழு வயதுப் பெண்ணைக் கற்பனையில் பெற்று, தட்டச்சுப் பலகையில் இறக்கிவிட்டாள். குட்டிக் கோசு பிடிக்காது என்றும் சேர்த்துக்கொண்டாள், குழந்தை என்றால் அப்படித்தானே? பிறந்த தேதிக் கட்டம் வந்தபோது வாய்க்கு வந்ததைப் போட்டாள்: மார்ச் பதினான்கு.

* என் கதைப் பாத்திரங்களை யாரும் இவ்வளவு எளிதில் நம்பியதில்லை. கிளவுட் ரோசலீயை ஒரே நொடியில் நம்பி, வாராவாரம் அவளுக்குப் பால் அனுப்பியது. பொறாமையாக இருக்கிறது.

4.

இனி வுப்போ. ஓய்வுபெற்ற தபால்காரர், எங்கள் பதிவு மேசை அவரிடம்தான். இந்த நாட்டில் எதை மறந்தாலும் மன்னிப்பு உண்டு, பிறந்தநாளை மறந்தால் கிடையாது. வீட்டுக்கு வீடு கழிப்பறைச் சுவரில் பிறந்தநாள் நாட்காட்டி தொங்கும், உட்காரும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று. எங்கள் உணவு வங்கிக் கழிப்பறையிலும் தொங்குகிறது. வுப்போ பட்டியலைப் பார்த்து எல்லாக் குழந்தைகளையும் அதில் எழுதிவைப்பார்.

"ஹில்லி! ரோசலீக்கு வர்ற வியாழன் எட்டு வயசாகுது! சின்னப் பிள்ளைங்க பெட்டி இங்கதானே வரும், வந்திருச்சு. கூட்டிட்டு வரச் சொல்லு, பாடிருவோம்."

"அது... அந்தப் பிள்ளைக்குக் கூச்சம் அதிகம் வுப்போ."

"கூச்சமா? கேக்கைக் காட்டுனா போயிரும். ஆறு மாசமாச்சு, அந்தக் குடும்பத்தை நான் இன்னும் நேர்ல பார்க்கலை. அன்னைக்குப் பார்த்து உறுதி பண்ணியே ஆகணும். இல்லைன்னா சிஸ்டம் கூடையை நிறுத்திரும், தெரியும்ல?"

அந்த வாரம் முழுக்க ஹில்லி தூங்கவில்லை. நானும்தான், இங்கே என்ன எழுதுவது என்று தெரியாமல்.

5.

வியாழக்கிழமை. (அன்று பார்த்து நான் ஊரில் இல்லை.) தோரணம் கட்டியாயிற்று, வெண்ணெய்க் கேக் வெட்டக் காத்திருக்கிறது. பின்கதவில் இரண்டு தட்டு. ஹில்லி எழுவதற்குள் வுப்போ போய்த் திறந்துவிட்டார். அன்னஹீன் கையைப் பிடித்து, எங்கள் வழக்கப்படி அம்மாவுக்கும் வாழ்த்துச் சொன்னார்.

"மகள் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்ம்மா! எங்க நம்ம ராஜாத்தி?"

(இங்கே ஹில்லி மயங்கி விழுவதாக ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அவள் மயங்குகிற ரகம் இல்லை.)

அன்னஹீன் தோரணத்தைப் பார்த்தாள். காகிதக் கிரீடத்தைப் பார்த்தாள். 'நன்றி, அவளுக்குக் காய்ச்சல்' என்று சொல்லியிருந்தால் போதும், ஹில்லி அதைத்தான் கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ரோசலீன்னு யாரும் இல்லைங்க," என்றாள் அன்னஹீன். "மேரிட்னு ஒருத்தி இருக்கா. பதினஞ்சு வயசு. ஹில்லியத் திட்டாதீங்க. எனக்காகத்தான் செஞ்சா."

வுப்போ ஹில்லியைப் பார்த்தார். "அடிப்பாவி, நாட்காட்டியில நான் பேனாவால எழுதிட்டேனே!" என்றார். அவ்வளவுதான் திட்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு அன்னஹீனை உட்காரவைத்தார், கேக்கில் பெரிய துண்டாக ஒன்றை நீட்டினார். அப்புறம் மேசைக்குப் போய் ரோசலீயை அழித்தார். இதை எழுதும்போது என்னவோ போலிருந்தது எனக்கு, ஒரு குழந்தை போன மாதிரி. 'மேரிட்' என்று அடித்தார்.

"பிறந்த தேதி சொல்லுங்கம்மா."

"அது இல்லாம முடியாதா?"

"கட்டம் காலியா இருந்தா இது ஏத்துக்காதும்மா. பெரிய பிள்ளைங்க பெட்டி நேரா வீட்டுக்குத்தான் போகும், அதையும் என்னால நிறுத்த முடியாது."

"ஏதாவது ஒண்ணு சொல்லேன்டீ," என்று ஹில்லி முணுமுணுத்தாள்.

"பிறந்தநாள்ல பொய்யா?" என்றார் வுப்போ. அன்னஹீனும் அதே நொடியில் அதையேதான் கேட்டாள்.

6.

மேரிட்டுக்கு எல்லாம் எப்போதோ தெரியும், அம்மாவுக்காகத் தெரியாத மாதிரி நடிக்கிறாள் என்று ஒரு முடிவு எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்ன அந்தத் தைரியத்தை அன்னஹீனிடமிருந்து நான் பிடுங்கிக்கொள்வதுபோல் பட்டது, கிழித்துவிட்டேன். அவள் தேதி சொல்லாமல் எழுந்து போய்விடுவதாகவும் எழுதினேன். அடுத்த வாரம் அந்த வீட்டு மேசையில் என்ன இருக்கும் என்று யோசித்தேன், அதையும் கிழித்தேன். என்ன நடந்தது என்று ஹில்லியிடம் கேட்டால், "லீக்ஸைப் பார்த்து நறுக்கு," என்கிறாள்.

ஆகவே அன்னஹீனின் நாற்காலியில் இப்போது நீங்கள் உட்காருங்கள். மேரிட்டைப் பெற்ற நாள் உங்களுக்குத் தெரியும், மணி நிமிடம் வரைக்கும். சொன்னால் பெட்டி மேரிட்டின் கைக்கே போகும், சொல்லாவிட்டால் கூடை பாதிதான். வுப்போ அவசரப்படுத்தமாட்டார். சொல்லுங்கள், தேதி என்ன?