தோள் அசைவு

செய்முறைத் தேர்வில் வகுப்பிலேயே அவன் ஒருவன்தான் தோற்றான். எழுத்துத் தேர்வில் அவன்தான் முதலாவது. அதனால் செய்தியை முதலில் யாரும் நம்பவில்லை. அவன் நம்பினான். இந்த வருடம் அவனுக்கு எதையும் நம்பும் பழக்கத்தை ஏற்படுத்தியிருந்தது.

பாடம் எடுக்கும் மேடம் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க சோதிச்ச அந்தம்மாவுக்கு வலது காது பாதிக்கு மேல போயிடுச்சு. நீங்க ரெண்டு காதும் ஜோரா கேக்குதுன்னு கோடு போட்டுக் குடுத்திருக்கீங்க."

"அவங்க கை தூக்கினாங்க மேடம்."

"தூக்கினாங்க. கேக்காத சத்தத்துக்கு ஏன் தூக்கினாங்க? அதைக் கண்டுபிடிச்சுட்டு வாங்க. திங்கக்கிழமை இன்னொரு வாய்ப்பு. அதையும் கோட்டை விட்டா இந்த வருஷத்தை மறந்துட வேண்டியதுதான்."

இந்த வருடத்தை மறப்பதில் அவனுக்கு ஆட்சேபணை இல்லை. முடிந்தால் அல்லவா.

காது கேட்கும் திறனைச் சோதிக்கும் படிப்பு அது. ஒரு வருடம். அதற்கு முன் காது மெஷின் விற்கும் கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். பட்டம் வாங்கியவன் பேட்டரி மாற்றிக் கொடுத்தே காலத்தை ஓட்டுவதா என்று முதலில் கேட்டவள் மனைவி. "ஒரு வருஷம்தானே. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். என் சம்பளம் இருக்கு, நீங்க போய்ப் படிங்க" என்றாள். ஒரு வங்கியின் தொலைபேசிப் பிரிவில் நாள் முழுக்க ஊரார் புகார்களைக் கேட்பது அவள் வேலை. வருடம் அவள் சொன்னபடியே போய்விட்டது. அவளையும் கூட்டிக்கொண்டு.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. மாணவர்கள் பழகுவதற்காகக் கல்லூரியில் ஒரு பழைய மெஷினை விடுமுறை நாட்களில் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். ஒரு பெட்டி, ஒரு ஹெட்போன், ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் காதுக்குள் ஒரு சத்தம் போகும். கேட்டவர் விரலைத் தூக்க வேண்டும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். விரல் எழாத இடத்தில் கொஞ்சம் கூட்டி மறுபடி அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வித்தை. சோதிப்பவரின் கை உட்கார்ந்திருப்பவரின் கண்ணில் படக் கூடாது என்பது முதல் நாள் பாடம். வீட்டில் அதற்கு இடமில்லை. சாப்பாட்டு மேசைக்கு ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் ஃபிரிட்ஜ். பெட்டியை ஒரு தட்டால் மறைத்துக்கொள்வான். அவள் எதிரே உட்காருவாள். "உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டே உக்காந்தாதான் எனக்குப் பொழுது போகும்" என்பாள். விரல் டக் டக்கென்று எழும்.

அவன் வரைந்த கோடுகளில் இரண்டு காதும் ஒன்றுபோல வந்தன. அத்தனை நல்ல காது வகுப்பில் யார் வீட்டிலும் இல்லை. பையன்கள் அவளுக்குப் பாம்புக் காது என்று பெயர் வைத்தார்கள். "டேய், வீட்டுல ரகசியமே பேச முடியாதேடா உனக்கு" என்று கிண்டலடித்தார்கள். அதை அவளிடம் வந்து சொன்னான். சிரித்தாள். சிரித்தபடியே எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பிறகு இறங்குமுகம். மழைக்காலத்துத் தேர்வுக்கு ராப்பகலாகப் படித்துக்கொண்டிருந்த சமயம் அது. எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு மாலை அவனுடைய பாடக்குறிப்பைக் காணவில்லை. அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். திரும்பவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"செவிடு மாதிரி நிக்கிறியே. காதுல ஈயத்தையா காய்ச்சி ஊத்தியிருக்கு?"

அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சொல்லுக்கு அவ்வளவு வலி ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. கோபத்தில் யாரும் சொல்வதுதானே. அவள் குழாயை மூடினாள். சாப்பிடவில்லை.

காலையில் வகுப்புக்குக் கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. அவள் சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். விழித்திருந்தாள், சுவரைப் பார்த்த கண் திறந்திருந்தது. குனிந்து அவள் காதருகே சொன்னான். "தப்பு என் மேலதான். மன்னிச்சுடு. நீதான் எனக்கு எல்லாமே." இதையெல்லாம் லேசில் சொல்கிற ஆள் இல்லை அவன். காத்திருந்தான். அவள் அசையவில்லை. இவ்வளவு சொல்லியும் ஒரு வார்த்தை இல்லையா என்று வீம்பு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்த நாட்களில்தான் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு ரத்தத்தில் கிருமி என்றார்கள். மருத்துவமனையில் கட்டிலைச் சுற்றி எப்போதும் சொந்தக்காரர்கள். அவர்கள் முன்னால் மறுபடி ஆரம்பிக்க வெட்கம். நாம் சொல்லியாகிவிட்டது, இனி அவள்தான் சொல்ல வேண்டும் என்ற கணக்கு வேறு. அவள் சொல்லவில்லை. போய்விட்டாள்.

மன்னிக்காமலே போய்விட்டாள் என்பதை மட்டும் அவனால் விழுங்க முடியவில்லை. மற்றதெல்லாம் எப்படியோ உள்ளே போயிற்று. சாப்பிட்டான், தூங்கினான், வகுப்புக்குப் போனான், மனப்பாடம் செய்து எழுதினான். முதலாவது வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சினி வந்தாள். மனைவியின் ஒரே தங்கை, கல்லூரியில் கடைசி வருடம். வாரம் தவறாமல் வருவாள்.

"உயிரோட இருக்கீங்களான்னு பாக்க வந்தேன் மாமா."

"இருக்கேன்."

"மூஞ்சியைப் பாத்தா அப்படித் தெரியலையே. என்ன, பெட்டியை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

"நாளைக்கு மறு தேர்வு. ஆள் கிடைக்கல. கொஞ்சம் உக்காரேன்."

"ஃபெயிலா? முதல்ல எங்கப்பா கிட்ட சொல்லுங்க. மாப்பிள்ளையை உதாரணம் காட்டியே என்னைக் கொல்றாரு." நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டாள். ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டாள். "ம், ஆரம்பிங்க டாக்டர்."

வலது காதை முடித்தான். இடதுக்கு மாறினான். விரல் டக் டக்கென்று எழுந்தது. சத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்கினான். அப்போதும் எழுந்தது. நன்றாக இருக்கிறதே என்று நிமிர்ந்தபோது பெட்டியின் பின்புறம் கண்ணில் பட்டது. வலது காதுக்கான சிவப்பு வயர் துளையில் இருந்தது. இடது காதுக்கான நீல வயர் கழன்று மேசையில் கிடந்தது.

மறுபடி அழுத்தினான். விரல் எழுந்தது.

"இப்ப சத்தம் கேட்டுதா?"

"இல்லையே."

"அப்புறம் ஏன் தூக்கின?"

"நீங்க தோளைத் தூக்கினீங்களே." அவள் சிரித்தாள். "பொத்தானை அமுக்கறதுக்கு முன்னாடி வலது தோள் லேசா மேல போகும் மாமா. அக்கா சொல்லித் தந்த வித்தை. மாமா தோளைப் பாரு, காது எதுக்குன்னு சொல்லுவா."

தேர்வுக்கு வந்த அந்த அம்மாள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. மேடம் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் வேறொன்று கிளம்பியிருந்தது.

"அவ எதுக்குத் தோளைப் பாக்கணும்?"

"இடது காதுக்கு வேற என்ன பண்ணுவா பாவம்." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. ஹெட்போனைக் கழற்றினாள். "மாமா. உங்களுக்குத் தெரியும்ல?"

"என்ன தெரியும்?"

"சின்ன வயசுல அம்மை போட்டுச்சு அவளுக்கு. இடது காது சுத்தமா போயிடுச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி வீட்டுல யாரும் வாயைத் திறக்கல. அப்புறம் நானே சொல்லிக்கிறேன்னு அவ சொன்னா. கடைசியில எப்படியும் சொல்லிட்டான்னுதான் நாங்க நெனச்சோம். நீங்க காதுக்கே படிக்கிற ஆளு, உங்களுக்கா தெரியாதுன்னு."

தெருவில் நடக்கும்போது மனைவி எப்போதும் அவனுக்கு இடப்பக்கமே வருவாள். போனை வலது காதில் மட்டுமே வைப்பாள். கீழே பஸ்கள் அலறும் இந்த வீட்டில் வலது காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு படுத்தால் குழந்தைபோலத் தூங்குவாள். கொடுத்துவைத்தவள் என்று நினைத்திருக்கிறான். எல்லாம் கண் முன்னால் இருந்தது. அவன் படித்துக்கொண்டிருந்தான்.

"நான் சொல்லியிருக்கக் கூடாதோ" என்றாள் மச்சினி. "அவ சொல்லத்தான் இருந்தா மாமா. வகுப்புல எல்லார் கிட்டயும் பெருமையடிச்சு வெச்சிருக்காரு, இப்ப சொன்னா அவருக்கு அசிங்கமாயிடும், பரிட்சை முடியட்டும்னா."

"அவ என்னை மன்னிக்கலை" என்றான் அவன். யாரிடமும் சொல்லாதது. தானாக வந்தது.

"யாரு சொன்னது? ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன கேட்டா தெரியுமா? ஏண்டி, செவிடுன்னு திட்டினாரு, சரி, கோவம். அப்புறம் வந்து ஒரு வார்த்தை சொல்லலாம்ல, ஏன் சொல்லவே மாட்டேங்கிறாரு, இன்னும் கோவமா இருக்காராடின்னு கேட்டா. ஒரு வார்த்தைக்குத்தான் மாமா காத்துக்கிட்டு இருந்தா."

"சொன்னேன்."

"எப்போ?"

அன்று காலை மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மேலே தெரிந்தது எந்தக் காது என்று இப்போது யோசிக்கத் தேவையில்லை. அவ்வளவு கிட்டத்தில் குனிந்தவன் அவள் தோளைத் தொட்டிருக்கலாம். முந்தின நாள் தோளைப் பிடித்துத் திருப்பிய கை என்பதால் தொடவில்லை.

மச்சினி எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் நீல வயரைத் துளையில் செருகினான். அவளை நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஃபிரிட்ஜைப் பார்த்து உட்காரச் சொன்னான். மறு பேச்சில்லாமல் உட்கார்ந்தாள். அவள் முதுகு குலுங்கிக்கொண்டிருந்ததால் கொஞ்ச நேரம் பொத்தானை அழுத்தாமல் இருந்தான்.

திங்கட்கிழமை அவனுக்கு வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு தச்சர். "சீக்கிரம் விடுங்க தம்பி, வெளிய வண்டியை நிறுத்தியிருக்கேன்" என்றபடி உட்கார்ந்தார். அவன் அவருடைய நாற்காலியைக் கண்ணாடித் தடுப்புக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டான். மூலையில் நின்ற மேடம் அதைப் பார்த்தார்.

அழுத்தினான். நரைத்த பிடரி அசையவில்லை. விரல் எழவில்லை.

சத்தம் போயிருந்தது, பெட்டியில் விளக்கு எரிந்து அணைந்ததை அவன் பார்த்தான். அவருக்குக் கோபம் இல்லை, வீம்பு இல்லை. போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பதில் வராவிட்டால் கொஞ்சம் கூட்டி மறுபடி கேட்க வேண்டும். அதற்கும் வராவிட்டால் மறுபடி. வருடம் முழுவதும் இதைத்தான் படித்தான். முன்பின் தெரியாதவர்களிடம் எத்தனை முறை வேண்டுமானாலும் சலிக்காமல் கேட்பான். வீட்டில் ஒரே ஒரு முறை கேட்டான்.

ஒரு படி கூட்டி அழுத்தினான். இல்லை. இன்னொரு படி. இல்லை. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவன் அவசரப்படவில்லை. இன்னொரு படி.

தச்சரின் விரல், சந்தேகத்தோடு, பாதிக்கு எழுந்தது. அவன் குறித்துக்கொண்டான்.