ஒன்றுகூட ஒழுகக் கூடாது

என் வீட்டுக்காரர் பிளம்பர். யார் வீட்டில் எந்த ஜாயின்ட் ஒழுகினாலும் சோற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். எங்கள் சமையலறைக் குழாய் மட்டும் போன வருஷத்திலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது. கேட்டால், "அது ஒழுகல, வேர்க்குது" என்பார். தான் கை வைத்த இடம் ஒழுகும் என்று ஒத்துக்கொள்கிற வழக்கமே அந்த மனுஷனுக்குக் கிடையாது.

எங்கள் ஒரே மகள் ஒருவனை விரும்பினாள். பையன் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவன். கறி, மீன் தொடமாட்டான். இவருக்கு இரண்டுமே ஆகவில்லை. "கம்பி முறுக்கறதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்று என்னிடம் குதித்தார். மகளோ பிடிவாதத்தில் அப்பாவை உரித்து வைத்தவள். "நீங்க சரின்னு சொல்லாம அவரைக் கட்டிக்க மாட்டேன். வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து தன் கையால் ராவியோலி செய்து தருவதாகப் பையன் சொல்லி அனுப்பினான். மாவைத் தாளாகத் தேய்த்து, நடுவில் காய் வைத்து மூடி, கொதிக்கிற தண்ணீரில் வேகவிடும் பண்டம் அது. அதைக் கேட்டதும் இவர் முகம் மலர்ந்துவிட்டது.

"செய்யட்டும். ஆனா ஒண்ணுகூட ஒழுகக் கூடாது. ஒழுகிச்சுன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுடணும்."

"ஒழுகலன்னா?" என்றாள் மகள்.

"கட்டிக்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பெண்ணின் வாழ்க்கையைக் கொதிநீரில் போட்டுப் பார்க்கிறவருக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன்.

பையன் வந்தான். குளிர் விட்டு முதல் பட்டாணி சந்தைக்கு வந்திருந்த சமயம். பட்டாணியை அவித்துப் பாதி மசித்தான். பசலைக்கீரையைத் துணியில் கட்டிப் பிழிந்தான். அஸ்பாரகஸ் தண்டையும் வெங்காயத்தாளையும் பொடியாக நறுக்கி வதக்கி, சீஸும் துருவிய எலுமிச்சைத் தோலும் சேர்த்துப் பிசைந்தான். அதுவரை நன்றாகத்தான் போயிற்று. மாவில் பூரணம் வைத்து மூடும்போதுதான் ஓரங்கள் கோணிக்கொண்டு போக ஆரம்பித்தன. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோணாது?

ஓரத்தில் பட்டாணி துருத்திக்கொண்டு நின்றது. இவர் நெளிந்தார். அடுத்ததில் காற்று உப்பிக்கொண்டு நின்றது. இவர் எழுந்துவிட்டார்.

"என்னப்பா இது! உள்ள காத்து நின்னா வெடிக்காதா? தள்ளு."

கரண்டி அகலத்துக்கு இருக்கும் அவர் கட்டைவிரல். அதை வைத்து ஒவ்வொன்றாகக் காற்றை வெளியேற்றி, ஓரத்தை அழுத்தினார். மகள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் அவள் தொடையில் கிள்ளினேன்.

"சார், ரொம்ப அழுத்தினா மாவு மெலிஞ்சுடும்..."

"ஜாயின்ட் அடைக்க எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

தட்டில் இருந்த அத்தனையும் அவர் கைபட்டுத்தான் முடிந்தன. கை கழுவப் போனபோதுதான் தன் நிபந்தனை அவருக்கு ஞாபகம் வந்தது போலிருக்கிறது. சொட்டுகிற குழாயைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

பானையில் போட்டேன். ஒவ்வொன்றாக முழுசாக மிதந்து மேலே வந்தன. கடைசியில் ஒன்று மூலையில் பிளந்து, பட்டாணி ஒவ்வொன்றாக வெளியேறியது. தண்ணீர் பச்சையாகிவிட்டது.

"ஒழுகிடுச்சு!" என்று துள்ளினார் இவர். மகள் என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

நான் அதை ஜல்லிக்கரண்டியில் அள்ளி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "யாரு கைன்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

பிளந்த ஓரத்தில் அகலமான கட்டைவிரல் தடம். அங்கே மாவு கண்ணாடி போல மெலிந்திருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார். 'நான் அடைச்சது ஒழுகிடுச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பையனை அனுப்பிவிடலாம். அந்த வார்த்தை தொண்டைவரை வந்து திரும்பிப் போவதை நான் பார்த்தேன்.

"இது ஒழுகல," என்றார். "வெந்து வாய் விட்டிருக்கு, அவ்வளவுதான்."

"இல்ல சார், இது ஒழுகித்தான்..." என்று தொடங்கினான் அந்த அசட்டு அரிச்சந்திரன். அவன் காலை நன்றாக மிதித்தேன்.

"ஒழுகலன்னா ஒழுகல! எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஒண்ணுமே ஒழுகலையாப்பா?" மகளின் குரல் உடைந்தது.

அப்போதுதான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "இல்லம்மா" என்றார்.

பிளந்ததைச் சுடச்சுட எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, இவர் மீசையில் பட்டாணி ஒட்டியிருந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று வழிந்தது.

"அப்பா, அழறீங்களா?"

"யாரு அழறா? வேர்க்குது."