கடலைத்தோட்டு புஷ்

பதினோரு வருஷமாக டெம்பரவரி. ராஜபாளையத்து மில்லில் ஞானதுரைக்குப் பின்னால் வந்தவனெல்லாம் பெர்மனென்ட் ஆகிவிட்டான். தொண்ணூற்று மூன்றில், மெஷினில் அச்சுத்தண்டைத் தாங்கும் பித்தளை வளையமான புஷ்ஷுக்குப் பதிலாக, நிலக்கடலைத் தோட்டைப் பொடியாக்கி ரெசின் பசையில் கலந்து அவன் ஒரு புஷ் வார்த்தான். நூறு மணி நேரம் ஓடியும் தேயாவிட்டால் வேலை நிரந்தரம் என்று முதலாளியே வாக்குக் கொடுத்தார். தோட்டை இடித்துச் சலித்ததில் அவன் மனைவி கிருபாபாயின் உள்ளங்கை தோலுரிந்துபோனது.

தேய்ந்தால் எடை குறையும் என்ற கணக்கில், ஸ்ரீவில்லிபுத்தூர் நகைக்கடையில் இரவல் வாங்கிய தராசில் புஷ்ஷை நிறுத்தான். பிறகு, மில் வழக்கப்படி ஒரு நாள் எண்ணெயில் ஊறப்போட்டு மெஷினில் மாட்டினான். பித்தளை எண்ணெய் குடிக்காது, கடலைத்தோடு குடிக்கும்; ஊறிய பிறகல்லவா நிறுத்திருக்க வேண்டும்? மெயின்டனன்ஸ் மாஸ்டர் கண்ணுச்சாமிக்கு அது தெரியும். பக்கத்திலேயே நின்றார். பாவி மனுஷன், வெற்றிலையை மென்றாரே ஒழிய வாயைத் திறக்கவில்லை.

நூறு மணி நேரம் முடிந்து முதலாளி முன்னால் நிறுத்தால், எடை அரை கிராம் கூடியிருந்தது.

"தேயவே இல்லைங்கய்யா" என்றான் ஞானதுரை. ஒர்க்‌ஷாப்பே கை தட்டியது.

கை தட்டி ஓயும்வரை காத்திருந்துவிட்டு, கண்ணுச்சாமி வெர்னியர் அளவுகோலை எடுத்துத் துளையை அளந்தார். கால் மில்லிமீட்டர் தேய்மானம்.

"ஏலே, எண்ணெய நிறுத்துக் காட்டி முதலாளியவே ஏமாத்துதியா?"

பித்தளை இதைவிட அதிகம் தேயும் என்பதை அவர் சொல்லவில்லை. ஞானதுரை மறுபடியும் புஷ்ஷைத் தராசில் வைத்தான். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறினார்.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மாஸ்டர்."

"நீ கேக்கலையே."

ஒரு மாதம் கழித்து கண்ணுச்சாமி வீட்டுக்கே வந்தார். முதலாளியிடம் தன் பெயரில் அதே கடலைத்தோட்டில் புதிய புஷ் காட்டப் போகிறாராம். பொடி மட்டும் பதம் வரவில்லையாம்.

"எந்தச் சல்லடைல சலிச்சிய? சொன்னா பழையபடி டெம்பரவரில சேத்துக்கிடுதேன்."

வீட்டில் மூன்று நாளாகக் கஞ்சிதான். ஞானதுரை தலையைக் குனிந்துகொண்டு, "அந்தச் சல்லடைய எடுத்துக் குடுத்துரு" என்றான்.

கிருபாபாய் அதை ஆணியிலிருந்து கழற்றி, ஒட்டியிருந்த பொடியைத் தட்டிவிட்டு நீட்டினாள்.

"கை ஆறிட்டா தாயி?" என்று கேட்டார் மாஸ்டர். "இன்னும் ரெண்டு மூட்டை இடிக்கணும்."