அசையாத பெட்டி

யானிக் நீட்டிய உறையை லிவா பிரித்தபோது உள்ளே ஓர் அட்டை மட்டும்தான் இருந்தது. ஒரு வருடச் சந்தா. விளையாட்டு எங்கோ தூரத்தில் எவனுடைய கம்ப்யூட்டரிலோ ஓடுமாம். அதன் படம் மட்டும் நெட் வழியாக நம் திரைக்கு வருமாம். கிளவுட், அதாவது மேகம், என்று இதற்குப் பெயராம். சர்ச்சில் ஞானஸ்நானத்தைத் தன் வாயால் உறுதி சொல்லும் திடப்படுத்தல் சடங்கு முடிந்து வெள்ளை கவுனில் நிற்கிற பதினாலு வயதுப் பெண்ணுக்கு, வெறும் படத்தைப் பரிசாகக் கொடுத்த மகராசன் அவன். என் மகளுக்கு அவன் என்ன உறவு என்று கேட்டால், அவள் அம்மாவைக் கட்டியவன். அவ்வளவுதான்.

என் பரிசு மேஜைக்குப் பக்கத்தில் தரையில் நின்றது. குளிர்காலம் முழுக்க, மீன் கிடங்கில் வேலை முடிந்து வந்து, உதிரி உதிரியாக வாங்கி நானே கோர்த்த கம்ப்யூட்டர். விளையாட்டுக்கென்றே கட்டியது, உயரம் என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. அதைக் காரிலிருந்து இறக்க, லிவாவின் அம்மா டோர்த்தேயின் தம்பி ஹெனிங்கும் ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது. விருந்துக் கூடத்துக்கு ஏன் இதைத் தூக்கி வந்தாய் என்று டோர்த்தே கேட்டாள். நாலு பேர் பார்க்கத்தான், வேறெதற்கு?

"எத்தன கிலோ இது, எஸ்கில்? வீட்டுக்குள்ள வைக்கவா, அஸ்திவாரம் போடவா?" என்று என்னைக் கேட்டான் யானிக்.

"நின்ன எடத்துல நிக்கும். மாசம் பொறந்தா கையேந்தாது."

"நாலு வருஷத்துல பழசாயிடும்பா. சந்தான்னா அந்தத் தொல்ல இல்ல. மெஷின அவனுங்களே மாத்திக்குவானுங்க."

"மெஷின மட்டுமா மாத்துவானுங்க? வெலையையும்தான்."

"ரெண்டு பேரும் வாய மூடிட்டு உக்காருங்க" என்றாள் டோர்த்தே. "கறி ஆறுது."

நான் சொன்னதில் என்ன தப்பு? மாதாமாதம் அழு, ஒரு மாதம் நிறுத்தினால் வாசலில் நில். நேற்று ஆடிய விளையாட்டு இன்று பட்டியலில் இருக்காது, கேட்க நாதியில்லை. சனிக்கிழமை சாயங்காலம் உள்ளே போகக் கூட்டம், வரிசையில் நிற்கச் சொல்வான். விளையாடக் காசும் கொடுத்து வரிசையிலும் நிற்கிறவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரன் நெட்டில் படம் பார்க்க உட்கார்ந்தால் நம் திரையில் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். காசைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்பதற்கு இத்தனை பேர் அலைகிறார்கள் என்றால், யானிக் மாதிரி ஆட்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ஆனால் பெட்டியை நான் கட்டியது விளையாட்டுக்காக மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடமாக லிவா ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. வெள்ளிக்கிழமை ஆனால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் வீடு மாறுவாள். திடப்படுத்தல் முடிந்ததும், எந்த வீடு வேண்டும் என்று அவளே சொல்லட்டும் என்று நானும் டோர்த்தேயும் பேசி வைத்திருந்தோம். அவர்கள் வீட்டில் தோட்டம் இருக்கிறது, நாய் இருக்கிறது, கடல் தெரிகிற ஜன்னல் இருக்கிறது. என் வீட்டில் என்ன இருக்கிறது? நான் இருக்கிறேன். அது போதாது என்று எனக்கே தெரியும். அதனால்தான் பெட்டி.

கறி முடிந்து பலகாரம் வருவதற்கு முன் என் பாட்டுத்தாள்களை ஹெனிங்கிடம் கொடுத்தேன். அவன்தான் விருந்தை நடத்துகிறவன். எங்கள் பக்கத்து விருந்துகளில் யாராவது பாட்டு எழுதி வருவார்கள், தெரிந்த மெட்டில். தாள் கைக்கு வந்துவிட்டால் எல்லோரும் பாடித்தான் ஆகவேண்டும், பாட்டில் திட்டு வாங்குகிறவனும் சேர்த்து. நடுவில் நிறுத்துகிற வழக்கம் கிடையாது. நாற்பது பேர் தாளைப் பிரித்தார்கள், மூலையில் பியானோ தொடங்கியது.

வாடகைக்கு வானத்தில் வீடெடுத்தார் யானிக்,
வாசலுக்குச் சாவியில்லை, கூரையெல்லாம் மேகம்;
காசு நின்ற காலையில் கதவு சாத்திப் போகும்,
கட்டிவைத்த ஆட்டமெல்லாம் காற்றோடு போகும்!

கூடமே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கப் பாடியது யானிக்தான், பல்லெல்லாம் தெரிய. அவனுக்கு வலிக்கவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது. லிவாவும் சிரித்துக்கொண்டே பாடினாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டாவது சரணத்தை இன்னும் ஓங்கி எடுத்தேன்.

அப்பன் தந்த பெட்டியோ அசையாது, நகராது,
ஆளு வந்து இழுத்தாலும் வீட்டை விட்டுப் போகாது!

லிவாவின் வாய் நின்றது. தாளில் அடுத்த அடி என்ன என்று அவள் கண் கீழே ஓடியது தெரிந்தது. பிறகு தாளை மடித்துத் தட்டுக்கு அடியில் வைத்தாள். அவளைப் பார்த்து டோர்த்தே நிறுத்தினாள். டோர்த்தேயைப் பார்த்து யானிக். அப்புறம் மேஜை மேஜையாகக் குரல்கள் விழுந்தன. கடைசி மேஜையில் இருந்த காது கேட்காத ஒரு பெரியவரும், பியானோக்காரரும், நானும் மட்டும் மிஞ்சினோம். கடைசிச் சரணத்துக்கு வந்தபோது பெரியவரும் நிறுத்திவிட்டார்.

யார் வீட்டில் இருப்பாயென்று ஊரெல்லாம் கேட்குது,
அப்பா வீட்டுப் பெட்டி உன்னை வாவாவென்று கூப்பிடுது!

முழுக்கப் பாடினேன். கிடங்கில் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய குரல் என்னுடையது, அந்தக் கூடத்தில் அது எனக்கே அசிங்கமாகக் கேட்டது. பாட்டு முடிந்ததும், பழக்க தோஷத்தில் ஹெனிங் வாழ்த்துக் கோஷத்துக்குக் கையை உயர்த்தினான். ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள்.

லிவா எழுந்து நேராக என்னிடம் வந்தாள்.

"சந்தா வேணும்னு யானிக்கிட்ட கேட்டதே நான்தான்ப்பா."

"எதுக்கு?"

"ஸ்கூல் லேப்டாப்லயே ஓடும். நான் போற எடத்துக்கெல்லாம் கூடவே வரும். விட்ட எடத்துலேர்ந்து ஆடலாம். உன் பெட்டிய என்ன பண்ண? முதுகுல கட்டிக்கிட்டு சைக்கிள் மிதிக்கவா?"

"தூக்க வேணாம்மா. அது இருக்கிற எடத்துல நீ இருந்தா போதும்."

"தெரியும்" என்றாள். "பாட்டுல படிச்சேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வருவாளா என்றே எனக்குச் சந்தேகம். வந்தாள். அவள் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டியை நிறுத்தி, சுவரில் திரை மாட்டி, எல்லா வயரும் சொருகி, பளபளவென்று துடைத்து வைத்திருந்தேன். அமுக்கத் தயாராக, முன்பக்கத்துப் பொத்தானில் நீல வெளிச்சம் தெரிந்தது. அவள் பையை இறக்கிப் பெட்டியின் மேல் சாய்த்தாள். பின்பு லேப்டாப்பை எடுத்தாள், சுற்றுமுற்றும் பார்த்தாள், பெட்டியின் தலைமேலேயே வைத்துத் திறந்தாள். உயரம் சரியாக இருந்தது. பக்கத்தில் பால் டம்ளர் வைக்கக்கூட இடம் இருந்தது.

"நெட்டு பாஸ்வேர்டு அதேதானாப்பா?"

"அதேதான்."

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். லேப்டாப் திரையில் அவள் குதிரை புல்வெளியில் ஓடியது. உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் ஓடியது. வேலி வந்தது, குதிரை எம்பியது, எம்பிய இடத்திலேயே நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

"என்ன மகாராணி, மேகத்துல மழையா?"

"வரும்" என்றாள், திரும்பாமலே.

நீலப் பொத்தான் அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. ஒரு விரல் போதும். இதே குதிரை, இதே வேலி, நிற்காமல் ஓடும். எல்லாவற்றையும் உள்ளே ஏற்றித்தான் வைத்திருந்தேன், அதுவும் அவளுக்குத் தெரியும். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நெட் பெட்டி அறைக்கு வெளியே நடைச் சுவரில், என் தோளை ஒட்டி இருந்தது. பழைய சனியன், அவ்வப்போது இப்படித்தான் மக்கர் பண்ணும். ஒரு தரம் அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், கையை நீட்டினால் எட்டும் தூரம். நான் கையை நீட்டாமல், அவள் கை பொத்தானுக்குப் போகுமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு காலும் தரையில் படாமல், பிடரி மயிர் பறந்த வாக்கிலேயே, குதிரை வேலிக்கு மேலே அந்தரத்தில் நின்றது.