பதினேழாம் நம்பர் டோக்கன்

கருத்தப்பாண்டியின் வலது கை மணிக்கட்டோடு போன அன்று, மில்லின் வருகைப் பதிவேட்டின்படி அந்த மிஷினில் நின்றவன் நான். உண்மையில் நான் வேதக்கோயிலில் நின்றுகொண்டிருந்தேன். என் மகள் ஞானபூரணத்துக்கு அன்று ஞானஸ்நானம். குருவானவர் தலையில் தண்ணீர் வார்த்ததும் பிள்ளை வீறிட்டாள். அதே நேரத்தில்தான் மில்லில் பெல்ட் அவன் கையை இழுத்திருக்கிறது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். விசாரித்திருக்கக் கூடாது.

எழுபத்தெட்டாம் வருஷம். சங்கரன்கோவிலில் பருத்தி வரத்து இருக்கிறவரைக்கும் ஜின்னிங் மில்லுக்கு ஞாயிறும் கிடையாது, திருநாளும் கிடையாது. லீவு கேட்டவனுக்கு மறுநாள் ஆணியில் வருகை டோக்கன் இருக்காது, வேலையும் இருக்காது. அதனால் எங்கள் இருவருக்குள் ஒரு ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆராதனை என்றால், வேறு ஷிப்டுக்காரனான கருத்தப்பாண்டி என்னுடைய பதினேழாம் நம்பர் பித்தளை டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு என் மிஷினில் நிற்பான். ஊர்க் கோயில் திருவிழாவான ஆடித்தபசு அன்று அவன் டோக்கனில் நான் நிற்பேன். மேஸ்திரி சங்கரபாண்டிக்கு இது தெரியும். தெரியாத மாதிரி வெற்றிலை மென்றுகொண்டிருப்பார்.

கை போனதும் அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது.

"ஷிப்டு இல்லாதவன் சும்மா பேச வந்து பெல்ட்டுல கைய விட்டுட்டான். மிஷின்ல நின்னது நீதான் அருமைநாயகம். இதுல கையெழுத்துப் போடு," என்று ஒரு தாளை நீட்டினார்.

கைக்குழந்தை இருக்கிறது, வேறு வேலை கிடைக்காது என்று மனசுக்குள் ஆயிரம் சொல்லிக்கொண்டேன். கோழைக்குச் சாக்குக்கா பஞ்சம்? போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்தது. பழைய டோக்கன் காணாமல் போயிருந்ததால் அதே நம்பரில் புதிதாக ஒன்று அடித்து மாட்டியிருந்தார்கள். எடுக்கப் போனால், எனக்கு முன்னால் இன்னொரு கை அதைப் பிடித்திருப்பதுபோல் இருக்கும். பித்தளை வெதுவெதுப்பாக இருக்கும். விடிந்தும் விடியாத நேரத்தில், யாரும் தொடாத பித்தளை எப்படிச் சுடும்? மிஷினில் நின்றால் வலப்பக்கம் யாரோ ஒட்டி நின்று மூச்சுவிடுவார்கள். திரும்பினால் பஞ்சுத் தூசி பறந்துகொண்டிருக்கும். என் மனைவி இன்பம் ஜெபம் பண்ணச் சொன்னாள். கண்ணை மூடினால் வார்த்தை வரவில்லை, பெல்ட் ஓடும் சத்தம்தான் கேட்டது.

வீட்டில் அதைவிட மோசம். பிள்ளை என் வலது கை விரல்களைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்கும். நான் உருவிக்கொள்வேன். அது அழும்.

நாலாம் மாதம் வக்கீல் குமாஸ்தா மைதீன் பாட்சா டீக்கடையில் என்னை மடக்கினார். கருத்தப்பாண்டிக்கு நஷ்டஈட்டு மனு எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

"அவன் பனவடலிசத்திரத்துல ஆட்டுக்கு வேப்பங்கொழை ஒடிக்கக்கூட முடியாம கெடக்கான் வே. அவனே கவனமில்லாம கைய விட்டிருந்தாலும் சட்டம் நஷ்டஈடு குடுக்கச் சொல்லுது. அடுத்தவன் டோக்கன்ல நின்னாலும், மேஸ்திரிக்குத் தெரிஞ்சு நின்னா அது மில்லு வேலைதான்னு நாம வாதாடலாம். ஆனா வேலையிலதான் நின்னான்னு காட்டணும்லா? யாரு எடத்துல நின்னன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கான்."

"ஏன் அண்ணாச்சி?"

"அத எங்கிட்ட கேக்கீரு," என்று டீ கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

விசாரணை திருநெல்வேலியில், நஷ்டஈட்டு கமிஷனர் முன்னால். நான் மில்லுக்குச் சாட்சி. பஸ்ஸில் மேஸ்திரி எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தார். என் சட்டைப் பைக்குள் பிள்ளையின் ஞானஸ்நானச் சீட்டு இருந்தது. எதற்காக எடுத்து வைத்தேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

வராந்தாவில் கருத்தப்பாண்டி துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி கோமதித்தாய். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"புள்ள தவழுதாண்ணே?" என்று கேட்டாள்.

அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

உள்ளே கமிஷனர் அவனிடம் கேட்டார். "அன்னைக்கு உங்களுக்கு ஷிப்டு இல்ல. யாருக்குப் பதிலா மிஷின்ல நின்னீங்க?"

"ஞாபகம் இல்ல அய்யா."

"இப்படிச் சொன்னா மனு தள்ளுபடி ஆயிரும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். என் வலப்பக்கம் அந்த மூச்சு கேட்டது. நான் எழுந்தேன்.

"எனக்குப் பதிலாத்தான் அய்யா. நான் போட்ட கையெழுத்து பொய். அன்னைக்கு எம்புள்ளைக்கு ஞானஸ்நானம். இந்தாங்க சீட்டு. கோயில்ல இருந்த அத்தன பேரும் என்னயப் பாத்தாங்க. மேஸ்திரிக்கும் தெரியும்."

மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையிலேயே என் வேலை போயிற்று. மாலையில் வாயாலும் சொன்னார். கருத்தப்பாண்டிக்கு நஷ்டஈடு வழங்க உத்தரவாக அதற்குப் பிறகும் ஏழு மாதம் பிடித்தது.

ஆனால் அந்த அறையில், நான் பேசி முடித்ததும், அவன் இடது கையால் மடியைத் தடவி எதையோ அவிழ்த்தான். மேஜைமேல் வைத்தான். பழைய டோக்கன். பதினேழு. ஓரத்தில் கறுத்த கறை.

கமிஷனர் நிமிர்ந்தார். "இத ஏன் முதல்லயே காட்டல?"

"காட்டுனா அவன் வேலை போயிரும்லா அய்யா. எனக்குத்தான் கை போச்சு. பச்சப்புள்ளக்காரன், அவன் எங்கன போவான்?"

அடையாளம் சொல்லும்படி டோக்கனை என்னிடம் கொடுத்தார்கள். வெதுவெதுப்பாக இருந்தது. அவன் மடிச் சூடு. இத்தனை மாதமாக ஆணியில் நான் தொட்டுத் தொட்டு நடுங்கியது அதே சூட்டைத்தான்.

இப்போதும் வீட்டில் தண்ணீர் வைக்கும் பித்தளைக் குத்துப்போணியைத் தொட்டால்கூட அந்தச் சூடு தெரிகிறது.