இடது கைச் சோறு

நூல் மேஸ்திரி என்ற பெயரை அவருக்கு யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் அவர் எழுப்பிய சுவரை ஒரு முறை பார்த்தவர் யாரும் காரணம் கேட்டதில்லை. 'நூல் பிடித்த மாதிரி' என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். இவர் நிஜமாகவே நூல் பிடித்துவிட்டுத்தான் முதல் செங்கல்லைத் தொடுவார். அப்படிப்பட்ட கொத்தனார் ஒரு நாள் அதிகாலைத் தொழுகைக்கு எழுந்தார். அவர் எழுந்துவிட்டார், வலது கை மட்டும் பாயிலேயே கிடந்தது.

வாதம் என்றார் டாக்டர். மாத்திரை, தைலம், பயிற்சி என்று பதினோரு மாதம் ஓடியது. இழுத்துக்கொண்டிருந்த கால் சரியானது. கோணியிருந்த வாய் நேரானது. குழறிய பேச்சு திரும்பி வந்தது; போனதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது என்பது அவர் மனைவியின் கட்சி. கை மட்டும் வரவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றது.

மேஸ்திரி புலம்புகிற ஆள் இல்லை. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்து, இரண்டையும் சேர்த்து ஏந்தி, "யா அல்லாஹ், கண்ணை விட்டு வச்ச, பேச்சைத் திருப்பிக் குடுத்த, காலைத் திருப்பிக் குடுத்த, அல்ஹம்துலில்லாஹ்" என்பார். ஒன்றையும் விடாமல் வரிசையாகச் சொல்வார். கையைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார். இவ்வளவு கிடைத்த பிறகு அதையும் கேட்டால் பேராசை ஆகிவிடுமோ என்று ஒரு பயம்.

வம்பெல்லாம் சோற்றில்தான் வந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவருக்கு வலது கைதான் வாய்க்குப் போகிற கை, இடது கை கழுவுகிற கை. ஸ்பூனைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதைப் பிடிக்கப்போவதும் அதே கைதானே என்று தள்ளி வைத்துவிட்டார். பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து எடுத்துச் சொன்னார்.

"முடியாதவங்களுக்கு மார்க்கத்துல இடம் இருக்கு பாய். இடது கையால சாப்பிடலாம். ஒரு குத்தமும் இல்ல."

"தெரியும் ஹஜ்ரத். குத்தம்னு நான் சொல்லல. மனசு வரலங்கறேன்" என்றார் மேஸ்திரி. "முப்பது வருஷமா அந்தக் கை வேலை செஞ்சுது, அந்தக் கை சாப்பிட்டுச்சு. இந்தக் கை என்ன செஞ்சுது? செங்கல்லை எடுத்து நீட்டுனதோட சரி. உழைக்காத கையைத் தட்டுல வைக்க எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆகவே மனைவிதான் ஊட்டினார். அவர் சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் வைக்கிற பிரிவில் இருந்தார். மதியம் அரை மணி நேரம் விடுவார்கள். பத்து நிமிட நடையை ஏழு நிமிடத்தில் முடித்து வீட்டுக்கு வந்து, கை கழுவி, பிசைந்து, உருட்டி, அவர் வாயில் கொடுத்து, தண்ணீரையும் கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "சின்ன வயசுல எனக்குக் கொழந்தை வளர்க்கற வேலை சீக்கிரம் முடிஞ்சு போச்சு, மிச்சத்தை இப்பச் செய்யறேன்" என்று கேலி செய்வார். மேஸ்திரியும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே வாயைத் திறப்பதுதான் அவருக்கு உலகத்திலேயே கஷ்டமான காரியமாக இருந்தது.

பன்னிரண்டாவது மாதத் தொடக்கத்தில் ஹஜ்ரத் ஓர் உறையோடு வந்தார்.

"ஜமாஅத்ல பேசி முடிவு பண்ணிட்டோம். மாசாமாசம் ஒரு தொகை. மார்க்கக் கடமையா ஒதுக்கற ஸகாத் பணந்தான், உங்களுக்கு உரிமை உள்ளது. கூச்சப்படாதீங்க."

மேஸ்திரி உறையைப் பார்த்தார். மரியாதையாகக் கொடுக்கிறார்கள், மறைவாகக் கொடுக்கிறார்கள். கொடுத்தவர்களுக்காக அவர் மனம் அப்போதே துஆ செய்து வேண்டிக்கொண்டது. ஆனால் கை நீளவில்லை.

"வேணாம்னு சொன்னா பெருமை பேசற மாதிரி ஆயிடும், அந்தப் பாவம் எனக்கு வேணாம். ஒரு மாசம் தள்ளி வைங்க. என்னால ஆகாதுன்னு எனக்கே உறுதியாயிட்டா நானே வந்து ரெண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கறேன். அதுவரைக்கும் ஒரு வேலை இருந்தா குடுங்க."

ஹஜ்ரத்தின் கண் அவரை அறியாமல் அந்தக் கையின் மேல் போய் வந்தது. "பாய், தப்பா நெனைக்காதீங்க. என்ன வேலை?"

"ஒளூ செய்யற எடத்துல தண்ணி தேங்கி நிக்குதே, அது வேலைதானே? எனக்குக் கண்ணு இருக்கு, வாய் இருக்கு."

"அது நெறையவே இருக்கு" என்றார் மனைவி உள்ளேயிருந்து.

ஹஜ்ரத் சிரித்துவிட்டார். அந்தத் தண்ணீர் அவருக்கும் பெரிய தலைவலி. தொழுகைக்கு முன் கைகால் கழுவும் அந்த இடத்துக்குப் புதிதாக டைல்ஸ் போட்டு நான்கு மாதம் ஆகிறது. இரண்டு தடவை பெயர்த்துப் போட்டும் தண்ணீர் போகவில்லை, இரண்டு பேர் வழுக்கி விழுந்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலை மேஸ்திரி போனார். கூடவே பத்து வருடமாக அவரிடம் கலவை போட்ட சித்தாள் அக்காவும் வந்தார். ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு, இடது கையை ஊன்றிக் குனிந்து, கன்னம் தரையில் படும் அளவுக்குத் தாழ்ந்து பார்த்தார். தண்ணீர், வெளியே போகிற ஓட்டையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து ஓடியது.

"ஹஜ்ரத், ஓட்டை மேட்டுல இருக்கு, தண்ணி பள்ளத்துல இருக்கு. அது மேல ஏறிப் போகணும்னா நீங்க உக்காந்து துஆதான் செய்யணும்."

தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்குக் கொடுக்கும் சாய்வை வாட்டம் என்பார்கள். இங்கே வாட்டம் தலைகீழாக இருந்தது. முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும். பெயர்க்கிற வேலையைச் சித்தாள் அக்கா உச்சி வெயிலுக்குள் முடித்துவிட்டார். பிறகு சிமெண்டைக் குழைத்துக் கொட்டிவிட்டு, "யாரு வைக்கப்போறா?" என்று கேட்டார்.

மேஸ்திரி கலவை பூசும் கரணையை இடது கையில் எடுத்தார்.

அந்த முதல் நாளைப் பற்றி அதிகம் சொல்லாமல் இருப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. முப்பது வருடம் சொன்னபடி கேட்ட கரணை, இடது கையில் முரண்டு பிடித்தது. கலவை தரையில் விழுந்ததைவிட அவர் வேட்டியில் விழுந்தது அதிகம். மாலை அஸர் தொழுகைக்குள் எட்டு டைல்ஸ்தான். அவருடைய பழைய கை அதை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடித்திருக்கும். மதியம் மனைவி கம்பெனியிலிருந்து பள்ளிவாசலின் பின் அறைக்கே வந்து ஊட்டிவிட்டுப் போனார். சித்தாள் அக்கா பெரிய மனது பண்ணி அந்த நேரம் பார்த்துச் சல்லடையைக் கழுவப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் கை கொஞ்சம் பழகியது. இருபது டைல்ஸ் ஓடியது. பார்க்க அழகாகவும் இருந்தது. ஹஜ்ரத் வந்து, "மாஷா அல்லாஹ், கண்ணாடி மாதிரி இருக்கு பாய்" என்றார். மேஸ்திரிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனால் பழக்கம் விடுமா? மட்டக்கோலை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு டைலும் இடப்பக்கம் ஒரு நெல் கனம் இறங்கியிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு நெல்தான். இருபதும் சேர்ந்தால் தண்ணீர் நேராகச் செருப்பு விடுகிற இடத்துக்குப் போகும்.

"இது யார் கண்ணுக்கும் தெரியாது மேஸ்திரி. முன்னாடி இருந்ததுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றார் சித்தாள் அக்கா. அவருக்கு இடுப்பு வலி.

"தெரியாதுதான்" என்றார் மேஸ்திரி. "காசு வாங்கி அரிசி வாங்குவேன்ல, அப்ப எனக்குத் தெரியும்ல."

ஈரம் காய்வதற்குள் இருபதையும், கூடவே முதல் நாள் எட்டையும் அவரே நெம்பி எடுத்தார். ஒன்று உடைந்தது, அதன் விலையைத் தன் கூலியில் கழித்துக்கொள்ளும்படி ஹஜ்ரத்திடம் சொன்னார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. படுத்துக்கொண்டு, இல்லாத கரணையை இடது கையில் பிடித்து, காற்றில் தட்டித் தட்டிப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது. வலது கைக்காரன் உட்கார்கிற பக்கத்திலேயே, வலது கைக்காரன் வைக்கிற வரிசையிலேயே வைத்திருக்கிறார். இடது கை தன் பக்கமாக அழுத்தாமல் என்ன செய்யும்? பதினோரு மாதமாக அந்தக் கையை மட்டமாக நினைத்தவர், வேலை வாங்கும்போது மட்டும் அதை இன்னொரு வலது கையாக இருக்கச் சொல்லியிருக்கிறார். நியாயமா இது என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஓட்டை தன் இடப்பக்கம் வரும்படி, எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். வரிசையைத் தலைகீழாகத் தொடங்கினார். கை அழுத்துகிற பக்கம் எதுவோ, அந்தப் பக்கம்தான் இப்போது வாட்டம் போக வேண்டிய பக்கம். அதற்குப் பிறகு சண்டையே இல்லை. இருட்டுவதற்குள் கடைசி டைல் உட்கார்ந்தது. நான்காம் நாள் காலை இடுக்குகளுக்கு வெள்ளை சிமெண்ட் பூசித் துடைத்தார்கள்.

மதிய லுஹர் தொழுகைக்கு முன்னால் ஹஜ்ரத் குழாய்களைத் திறந்தார். தண்ணீர் தரையில் விழுந்து, ஒரு கணம் யோசித்தது போல் நின்று, பிறகு எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி ஓட்டைக்குள் இறங்கியது. வழக்கம்போல் கால் கட்டை விரலால் தடவிக்கொண்டு வந்தவர்கள் தரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து நடந்தார்கள். மேஸ்திரியும் அந்தத் தரையில் உட்கார்ந்துதான் ஒளூ செய்தார். தன் கை போட்ட தரையில் கழுவிய முகத்தோடு வரிசையில் நின்றார். ஸஜ்தாவில் வழக்கத்தைவிட அதிக நேரம் நெற்றியை வைத்திருந்தார்.

தொழுகை முடிந்து ஹஜ்ரத் நான்கு நாள் கூலியை நீட்டினார். "ரெண்டு நாள் வேலை இது. மத்த ரெண்டு நாள் என் கை படிச்சுது. அதுக்கு நீங்க ஏன் குடுக்கணும்?" என்று இரண்டு நாள் கூலியில் டைல் விலையைக் கழித்து, மிச்சத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். சித்தாள் அக்காவுக்கு மட்டும் நான்கு நாளும் முழுசாகக் கொடுக்க வைத்தார். வாங்கியது இடது கையால்தான். அப்போது அது அவருக்குத் தோன்றவே இல்லை.

பின் அறையில் சோற்று டப்பா இருந்தது. மனைவி காலையிலேயே கொடுத்து அனுப்பியிருந்தார். நேரம் ஆகியும் மனைவியைக் காணவில்லை. கம்பெனியில் அவசர வேலை என்று நேற்றே சொன்னது நினைவுக்கு வந்தது. மேஸ்திரிக்கு நல்ல பசி. வீட்டில் முடங்கிக் கிடந்த பதினோரு மாதத்தில் மறந்து போயிருந்த, வேலை செய்தவனின் பசி. டப்பாவைத் திறந்தார். இடது கையைப் பார்த்தார். எத்தனை முறை கழுவியும் நகக்கண்ணில் சிமெண்ட் இருந்தது. சுட்டு விரல் ஓரம் கரணை உரசி ஒரு கொப்புளம். நன்றாக உழைத்த கை. இதற்குச் சோறு கிடையாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"பிஸ்மில்லாஹ்" என்றார்.

முதல் கவளத்தில் பாதி மடியில் விழுந்தது. இரண்டாவது தாடியில் ஒட்டியது. மூன்றாவது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. பாதி டப்பா காலியானபோது மனைவி மூச்சு இரைக்க வாசலில் வந்து நின்றார். தாடியில் இருந்த சோற்றுப் பருக்கையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், சுவரில் சாய்ந்தார்.

"ஓடி வந்தியா? உக்காரு" என்றார் மேஸ்திரி. "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு உனக்கு?"

"பதினஞ்சு நிமிஷம்."

"சாப்பிட்டியா?"

மனைவி தோள்பையிலிருந்து தன் டப்பாவை எடுத்தார். அது திறக்கப்படவே இல்லை.

"மத்தியானம் நீ எப்பச் சாப்பிடுவ?" என்று கேட்டார் மேஸ்திரி. பதினோரு மாதத்தில் இதை ஒரு தடவை கூட அவர் கேட்டதில்லை.

"மத்தியானம் ஏதுங்க நேரம்? சாயங்காலம் வந்து சாப்பிட்டுக்குவேன்." குறையாகச் சொல்லவில்லை, பஸ் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

மேஸ்திரி எச்சில் கையோடு அப்படியே இருந்தார். மானம் மானம் என்று தான் பிடித்த பிடிவாதத்துக்கு யார் பட்டினி கிடந்தார்கள் என்று இப்போதுதான் தெரிந்தது. பிறகு நகர்ந்து பாயில் இடம் விட்டார். மனைவியின் டப்பாவை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, இடது கையால் மூடியைத் திருகித் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

மனைவி உட்கார்ந்தார். காலை மடக்கி, வசதியாக, யாருக்கும் ஊட்ட வேண்டிய அவசரம் இல்லாமல், ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டார். மேஸ்திரி தன் சோற்றை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் அல்ஹம்துலில்லாஹ் சொன்னபோது கண்ணையும் பேச்சையும் காலையும் வரிசையாகச் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார்.